தம்பலகாமத்து ஆதிகோணநாயகர்: ஒரு பெரியவர் சொன்ன கதை

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோட்டைக்குள் போய்க் கோணேசரைக் கும்பிட்டு, இராவணன் வெட்டில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சரி, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஆதிகோணநாயகர் இருப்பது வயல்களுக்கு நடுவே, தம்பலகாமத்தில். அம்மாவின் ஊர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு.

ஒரு திருவிழாவின்போது மாலைப் பூசைக்கு முன்பே போய்விட்டேன். மண்டபத்து ஓரத்தில் ஒரு பெரியவர் வாழைநாரைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அலரிப்பூ மாலை கட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"பறங்கி ஐயர் வேசம் போட்டுத்தான் மலைக்கோயிலுக்குள்ள வந்தவன், தம்பி. வருசப்பிறப்பு. சாமி ஊர்வலம் போன நேரம் பாத்து."

போன கிழமை நடந்தது போலச் சொன்னார். அகப்பட்ட விக்கிரகங்களில் சிலதை மண்ணுக்குள் புதைத்தார்களாம். சிலதைக் காட்டு வழியாகத் தம்பலகாமத்துப் பக்கத்துச் சுவாமிமலைக்குக் கொண்டுபோய் ஒளித்துவைத்துப் பூசை செய்தார்களாம். அங்கிருந்துதான் தம்பலகாமத்துக்கு வந்ததாம்.

பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், மலை மேலிருந்த கோணேசர் கோயிலை இடித்தது 1620களில். அந்தக் கல்லிலேயே கோட்டையும் கட்டினார்கள். 'முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான்' என்று, கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டனைப் பாடிப் போகும் பாட்டின் சிதைந்த எழுத்துகளைக் கோட்டை வாசல் கல்லில் இன்றும் பார்க்கலாம். 1950இல் நகரத்தில் கிணறு வெட்டியபோது விக்கிரகங்கள் வெளிப்பட்டன. புதைத்த கதையை வெறும் கதை என்று தள்ள அதற்குப் பிறகு எனக்கு மனம் வரவில்லை.

குளக்கோட்டன் கதைக்கு வந்தால் பெரியவரை நிறுத்த முடியாது. அவனை விரட்டிவிடச் சொல்லி அரசி ஆடகசவுந்தரி ஆள் அனுப்பியது, அது கல்யாணத்தில் முடிந்தது, கோயில் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் பூதங்களைக் கொண்டு கந்தளாய்க் குளம் கட்டியது, கோயில் தொழும்புக்கு, அதாவது ஊழியத்துக்கு, தானத்தார், வரிப்பத்தார் என்ற குடிகளைக் குடியேற்றியது... 'கோணேசர் கல்வெட்டு' நூலில் இந்தத் தொழும்பு முறைகள் விரிவாக இருக்கின்றன. பூமாலை கட்டுவது தங்கள் வீட்டுக்கு வழிவழியாக வந்த முறை என்றார் பெரியவர்.

குளத்தைக் கட்டியது இரண்டாம் அக்கபோதி என்று சிங்கள வரலாறு சொல்வதை மெதுவாக எடுத்துவிட்டேன். பெரியவர் அசையவில்லை.

"ராசா கட்டச் சொல்லியிருப்பான். மண் சுமந்தது ஆர்?"

1986 சித்திரையில் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததற்கும் அவரிடம் காரணம் இருந்தது: பூதங்களைக் கவனிக்கிறது குறைஞ்சுபோச்சு. பொறியியலாளர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

தம்பலகாமத்து ஆட்கள் இருந்தால், உங்கள் வீட்டுக்கு என்ன முறை, சுவாமிமலைக் கதையை உங்கள் அம்மம்மா எப்படிச் சொன்னார் என்று எழுதுங்கள்.