பல வருடம் கழித்து மறுபடி ட்ரம்பெட் மாதிரிக் கருவியை ஊத ஆரம்பித்தவர்கள் இருக்கிறீர்களா?

பழைய ட்ரம்பெட்

27 வருடம். கடைசி நாளிலேயே மவுத்பீஸ், அதாவது உதட்டை வைத்து ஊதும் முனை, குழாயோடு இறுகிப் போயிருந்தது, பெட்டி மூடவில்லை, துணியில் சுற்றிப் பரணில் போட்டதுதான். போன வாரம் இறக்கினேன். சுரம் மாற்ற விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளில் இரண்டாவது அமுங்கினால் மேலே வரவே இல்லை. மூன்றையும் கழற்றித் துடைத்து, ஆயில் விட்டு மாட்டி ஊதினால் காற்று உள்ளே போகவில்லை. முகம் சிவக்க ஊதுகிறேன், சுவரில் வாய் வைத்த மாதிரி இருக்கிறது. வீட்டில் எல்லோரும் கதவோரம் நின்று வேடிக்கை.

அப்புறம்தான் உறைத்தது. வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் 1, 2, 3 என்று பொறித்திருக்குமே, அதில் 1-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட்டிருக்கிறேன்! முதல் மாதம் கற்கிற பையன்கூடச் செய்யமாட்டான்.

சரியாக மாட்டியதும் விரல்கள் தானாக ஓடின, நானே பயந்துபோனேன். உதடுதான் எட்டே நிமிடத்தில் கைவிட்டது. ஒரு ஜி சுரத்தை இழுத்துப் பிடித்திருக்கும்போதே வாயோரத்தில் ‘புஸ்’ என்று காற்று கசிந்தது. சுரம் இல்லை, வெறும் புஸ். அது இன்னும் காதிலேயே இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

ஏழாம் பொசிஷன்

நான் ட்ராம்போன், ஸ்லைடு என்கிற நீளக் குழாயை இழுத்துத்தான் சுரம் மாற்றுவோம், வால்வு மாற்றிப் போடுகிற வசதி எங்களுக்குக் கிடையாது. 19 வருட இடைவெளி. கையைப் பார்க்காமலே ஸ்லைடை மூன்றாம் பொசிஷனுக்கு (மூன்றாவது நிறுத்தத்துக்கு) இழுத்தேன், மணி போல விரிந்த வாயின் விளிம்புக்குச் சற்று முன்னால் கச்சிதமாக நின்றது. அந்தச் சந்தோஷத்தில் ஸ்லைடு நழுவாமல் பிடிக்கும் லாக்கைப் போடாமல் கருவியைத் தோளிலிருந்து இறக்கினேன். வெளி ஸ்லைடு சர்ரென்று வழுக்கித் தரையில் விழுந்தது. முனையில் பட்டாணி அளவுக்கு ஒரு நசுங்கல். எத்தனை நுட்பங்களை ஞாபகம் வைத்திருந்த கை, அந்தச் சின்ன லாக்கை மட்டும் எப்படி மறந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை.

மூச்சுக்காரன்

முதலில் எழுதியவர் உதடு கைவிட்டது என்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூச்சு போதாதபோதுதான் மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்துகிறோம், அழுத்தினால் ரத்த ஓட்டம் குறைந்து உதடு சீக்கிரம் மரத்துப்போகும். எட்டு நிமிடத்துக்கு அதுதான் காரணம். உதட்டின் மேல் பழி போடாதீர்கள்.

இறுகிய மவுத்பீஸைக் குறடு போட்டுத் திருகிவிடாதீர்கள், குழாய் முறுக்கிக்கொள்ளும். அதை இழுத்து எடுப்பதற்கென்றே புல்லர் என்ற கருவி இருக்கிறது. கழுவும்போது வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கொதிக்கிற தண்ணீர் பட்டால் லாக்கர் என்கிற மேல்பூச்சு உரிந்துவிடும். மவுத்பீஸ் செருகும் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகிறதா பாருங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மிஞ்சியதன் அடையாளம் அது, தேய்த்தால் போகாது. குழாயில் சேரும் தண்ணீரை வடிக்கும் சின்ன மூடியின் கார்க்கும் காய்ந்திருக்கும், அதில் காற்று கசிந்தாலும் ஊதுவது சிரமமாகத்தான் இருக்கும். வாசிப்பு என்றால் மெதுவான நீண்ட சுரங்கள் மட்டும். ஐந்து நிமிடம் ஊதினால் ஐந்து நிமிடம் கருவியைக் கீழே வையுங்கள். மேல் ஸி என்கிற உச்ச சுரத்தின் பக்கம் சில மாதத்துக்குத் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

என் அனுபவமா? முதல் நாளே அந்த மேல் ஸி-யை முயன்று உதடு வீங்கி, நான்கு நாள் கருவியைத் தொடவில்லை.

இடப்பக்கம்

மூச்சுக்காரரே, நாலு நாள் வீங்கினது உங்கள் மூச்சா, உதடா?

என்னிடம் மூச்சு தாராளமாக இருக்கிறது, பல்தான் இல்லை. மேல் முன்பற்கள் இரண்டும் கட்டியவை. மவுத்பீஸைப் பழைய இடத்தில், நட்டநடுவில் வைத்தேன், காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. அரை மணி நேரம் தடவித் தடவி, கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினதும் திடீரென்று ஒரு எஃப் சுரம், சுத்தமாக. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணலாக, யாரோ மாதிரி இருந்தேன். அந்த முகத்தோடுதான் இப்போது வாசிக்கிறேன். எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதித் தராதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பழைய ட்ரம்பெட்

மவுத்பீஸைப் பற்றி நான் கேட்கவே இல்லை, இருந்தாலும் நன்றி மூச்சுக்காரரே. புல்லரை மாட்டித் திருகினதும் ‘டக்’ என்று வந்துவிட்டது. குழாய்க்குள் நீளப் பிரஷ் விட்டேன், பச்சையாகக் கொழகொழவென்று ஏதோ வந்தது. 27 வருடத்துக்கு முந்தைய என் எச்சிலாகத்தான் இருக்க வேண்டும். மனைவி பக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள்.

இன்று பதினோரு நிமிடம். புஸ் வந்தது ஒன்பதாவதில்.