சிறுநீரக மாற்று செய்தவர் காலில் வலியில்லாத கட்டி: பயாப்சியை எதில் அனுப்புவது?

கோபி_லேப்:
மாற்று அறுவை முடிஞ்சு மூணு வருசமான விவசாயிங்க. எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்துங்க (டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரட்னிசோலோன்) ஓடுது. புறங்காலில் நெல்லிக்காய் அளவு கட்டி. வலி, காய்ச்சல் இல்லை. உறிஞ்சி எடுத்த சீழில் 48 மணி நேரத்தில் ஒன்னும் வளரலை. நாளைக்கு பயாப்சி. கோயமுத்தூர் லேபுக்கு அனுப்ப ஃபார்மலின் புட்டி போதுமுங்களா?

பவானிக்கரை:
போதாதுங்க. ஃபார்மலினில் கிருமி செத்துடும், அப்புறம் கல்ச்சரே (கிருமியை வளர்த்துப் பார்க்கறதே) கிடையாது. சதையை ரெண்டாக்கச் சொல்லுங்க. ஒரு பாதி ஃபார்மலினில் ஹிஸ்டோபேத்தாலஜிக்கு (சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கற பிரிவு). மறுபாதி ஸ்டெரைல் புட்டியில், காயாத அளவுக்கு நார்மல் சலைன் விட்டு, அன்னைக்கே மைக்ரோபயாலஜிக்கு. ஐஸ் வேண்டாம், சில பூஞ்சைக்குக் குளிர் ஆகாது.

படிவத்தில் வெறுமனே "கல்ச்சர்"னு எழுதினா ரெண்டு நாளில் தட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க. "மாற்று சிறுநீரகம், பூஞ்சை 4 வாரம், ஏஎஃப்பி 8 வாரம், 30 டிகிரி, 37 டிகிரி ரெண்டிலும்"னு எழுதுங்க. ஏஎஃப்பின்னா காசநோய்க் கிருமியும் அதன் இனமும் தேடற சோதனை. அந்த இனத்தில் மைக்கோபாக்டீரியம் மரினம், ஹீமோஃபிலம் ரெண்டும் குளிர்ந்த தோலில் வளர்ற ஜாதி. 37-ல் மட்டும் வெச்சா ஏமாத்திடும். ஹீமோஃபிலத்துக்கு மீடியத்தில் (கிருமி வளர்க்கற ஊட்டத்தில்) இரும்பும் சேர்க்கணும், முன்னாடியே லேபில் சொல்லிடுங்க.

நொய்யல்:
இந்த வர்ணனைக்கு ஃபியோஹைஃபோமைக்கோசிஸைத்தான் (கருநிறப் பூஞ்சைத் தொற்று) முதலில் நினைக்கணும். வேலாமுள்ளோ பனங்கருக்கோ கீறினப்ப உள்ளே போன மண் பூஞ்சை. கீறி மாசக்கணக்கில் ஆகியிருக்கும், நாமளாக் கேட்டாத்தான் ஞாபகம் வரும். நீர்க்கட்டின்னு அறுத்துக் குப்பையில் போடறது இப்படித்தான். சீழ் மிச்சமிருந்தா ஒரு சொட்டில் 10 சதவீத கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) விட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்க. பழுப்பு இழை தெரிஞ்சா பாதி விடை கிடைச்ச மாதிரி. நோகார்டியாவுக்கும் (இழை மாதிரி வளர்ற ஒரு பாக்டீரியா) ஏஎஃப்பி சாயம் போட்டு ஒரு ஸ்லைடு பாருங்க, நிறம் நீக்க 1 சதவீத கந்தக அமிலம்தான். வழக்கமான 20 சதவீதத்தில் சாயம் போயிடும்.

கோபி_லேப்:
பூஞ்சைன்னா இட்ராகோனசோல் (பூஞ்சை மருந்து) உடனே தொடங்கிடலாமுங்களா?

பவானிக்கரை:
நெஃப்ராலஜி டாக்டரைக் கேக்காம கூடாதுங்க. இது உடம்பு டாக்ரோலிமஸைச் சிதைக்கறதைத் தடுத்து ரத்தத்தில் அளவை ஏத்திடும். மாற்றுச் சிறுநீரகத்துக்கே கேடு. அதே வகை மருந்தான வோரிகோனசோல் சேர்த்தா டாக்ரோலிமஸை மூணில் ஒரு பங்காக் குறைச்சுத்தான் தொடங்குவாங்க. முதல் வாரத்திலேயே அளவு பார்க்கணும், காலை மாத்திரை போடறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்தில்.

இட்ராகோனசோல் கேப்சூல் சாப்பாட்டோடதான். வயித்து அமிலத்தைக் குறைக்கற பான்டோபிரசோல் ஓடினா சரியா உறிஞ்சாது, பெரும்பாலும் இவங்களுக்கு அது ஓடும். ஒத்தைக் கட்டின்னா உறையோட முழுசா எடுத்துடறதே நல்லதுங்க.

நொய்யல்:
ஏஎஃப்பி பாசிட்டிவ்னா காசநோய்னு அவசரப்பட்டு ரிஃபாம்பிசின் (காசநோய் மருந்து) குடுத்துடாதீங்க. அது டாக்ரோலிமஸை நேரெதிரா இறக்கிடும், சிறுநீரகத்தை உடம்பே தள்ளிடும்.