முதல்ல வந்தவர் தோத்து, ரெண்டாவது வந்தவர் அதிபரா? 1824 அமெரிக்கா, ஒரு பிரியாணி பந்தயம்

லாஸ்பேட்டை மாப்பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பந்தயத் தகராறு, தீர்த்து வையுங்க.

நேத்து சாயந்திரம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். என் பொண்டாட்டியோட அண்ணன், கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) ஆளு. மொட்டை மாடியில உக்காந்து நம்ம புதுச்சேரி அரசியல் பேசிட்டிருந்தோம். யார் எந்தப் பக்கம் தாவுறாங்க, யாரை எந்த ரிசார்ட்டுல வச்சிருக்காங்கன்னு வழக்கமான பேச்சுதான். திடீர்னு மச்சான் சொல்றார்: "இதெல்லாம் நீங்க கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க மாப்ள. 1824-லயே அமெரிக்காவுல நடந்திருக்கு. ஜாக்சன்னு ஒருத்தர் முதல்ல வந்தார். ஆனா ரெண்டாவதா வந்த ஆடம்ஸ்தான் அதிபர். நாலாவதா வந்தவர் விலை போயிட்டார்."

முதல்ல வந்தவனை விட்டுட்டு ரெண்டாவது ஆளை உக்கார வைக்க எந்தச் சட்டம் விடும்? நீங்க ஏதோ வாட்ஸ்அப்ல படிச்சிட்டு வந்து உளர்றீங்கன்னு சொல்லிட்டேன். அங்கேயே பந்தயம் ஆயிடுச்சு. தோத்தவர் ரெண்டு குடும்பத்துக்கும் மட்டன் பிரியாணி வாங்கணும். மொத்தம் ஏழு பேர், அதுல மூணு பேர் காலேஜ் பசங்க. செலவை நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

நடந்தது சட்டப்படியா, குதிரை பேரமா?

டீக்கடை பெஞ்சு

மச்சான் ஜெயிச்சார். 2000, 2016 தேர்தல் மாதிரிதான் இதுவும். மக்கள் ஓட்டு ஒருத்தருக்கு அதிகம், எலெக்டர் (அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலமும் அனுப்புற ஆளுங்க) ஓட்டு இன்னொருத்தருக்கு அதிகம். பிரியாணிக்குச் சொல்லிடுங்க.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

தம்பி, அவசரப்பட்டு பிரியாணிக்குச் சொல்லாதீங்க. மேலே சொன்ன பதில் தப்பு. 2000-லயும் 2016-லயும் பதவிக்கு வந்தவங்க எலெக்டர் ஓட்டுல முன்னால இருந்தாங்க. 1824-ல ஜாக்சன் ரெண்டுலயுமே முன்னால இருந்தார். அப்படியும் தோத்தார்.

எலெக்டர் ஓட்டுக் கணக்கைப் பாருங்க. ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஜான் குவின்சி ஆடம்ஸ் 84, வில்லியம் கிராஃபோர்டு 41, ஹென்றி கிளே 37. மொத்தம் 261. ஜெயிக்க 131 வேணும். நாலு பேருமே ஒரே கட்சின்னு சொல்லிக்கிட்டவங்கதான். எதிர்க்கட்சி தேஞ்சு போச்சு, அதனால வீட்டுக்குள்ளயே பங்காளிச் சண்டை.

யாருக்கும் பாதி தாண்டலைன்னா முதல் மூணு பேரைப் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பணும். 1804-ல வந்த பன்னிரண்டாவது திருத்தம் அது. அங்கே ஆளுக்கு ஒரு ஓட்டு கிடையாது, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. இதுதான் நம்ம ஆளுங்களுக்குப் புரியாத இடம். நம்ம குடியரசுத் தலைவர் தேர்தல்ல தமிழ்நாட்டு எம்எல்ஏ ஓட்டோட மதிப்பு 176, புதுச்சேரி எம்எல்ஏ ஓட்டோட மதிப்பு 16. ஜனத்தொகைக்குத் தக்கபடி, எல்லையில இருக்கிற முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள்ள போனா மதிப்பு இறங்கும் (வேற சில சரக்கோட விலையும் இறங்கும், அது இங்கே வேணாம்). அவங்க சபையில அந்தத் தராசே இல்லை. நியூயார்க்குக்கு 34 உறுப்பினர், அவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒரு ஓட்டு. இல்லினாய்ஸுக்கு ஒரே ஒரு உறுப்பினர், அவருக்கும் ஒரு ஓட்டு.

1825 பிப்ரவரி 9. மொத்தம் 24 மாநிலம், 13 வேணும். முதல் சுத்துலயே ஆடம்ஸுக்குச் சரியா 13. ஜாக்சனுக்கு 7, கிராஃபோர்டுக்கு 4. நியூயார்க் எந்தப் பக்கம் சாயும்னு கடைசி வரைக்கும் தெரியலை. வான் ரென்சலர்னு ஒரு வயசான பணக்கார உறுப்பினர் தவிச்சுப்போய் மேஜையில தலையைக் கவுத்து ஜெபம் பண்ணினார், கண்ணைத் திறந்தா கீழே ஆடம்ஸ் பேர் எழுதின சீட்டு கிடந்ததுன்னு ஒரு கதை உண்டு. கதையை நம்புறது உங்க இஷ்டம், ஆனா அவர் ஆடம்ஸுக்குப் போட்டது நிஜம்.

ஆக, சட்டப்படி ஒரு குறையும் இல்லை. கள்ள ஓட்டும் இல்லை.

இப்ப பேரத்துக்கு வர்றேன். நாலாவது வந்த கிளேவுக்கு முதல் மூணுல இடமில்லை. ஆனா சபாநாயகர் அவர்தான். ஜனவரி 9 ராத்திரி ஆடம்ஸ் வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் பேசினார். ஆடம்ஸே டைரியில எழுதி வச்சிருக்கார். தனக்குன்னு எதுவும் வேணாம், நாட்டு விஷயம் மட்டும் பேசணும்னு கிளே சொன்னதாத்தான் அதுல இருக்கு. கிளேவோட சொந்த மாநிலம் கென்டக்கி. அங்கே ஆடம்ஸுக்கு மக்கள் ஓட்டு ஒண்ணுகூட விழலை. ஜாக்சனுக்குப் போடுங்கன்னு அந்த மாநிலச் சட்டமன்றமே தீர்மானம் போட்டு அனுப்பிச்சு. அதையும் மீறி அவங்க உறுப்பினர்கள் 8-க்கு 4-ன்னு ஆடம்ஸுக்குக் குத்தினாங்க. சில நாள்ல கிளே வெளியுறவு அமைச்சர். அந்தக் காலத்துல அந்த நாற்காலிதான் அதிபர் நாற்காலிக்கு ஏணி. மேடிசன், மன்றோ, ஆடம்ஸ் மூணு பேருமே அதுல ஏறி வந்தவங்க. ஜாக்சன் கொதிச்சுப் போய், மேற்கின் யூதாஸ் (ஏசுவைக் காசுக்குக் காட்டிக் கொடுத்தவன் பேரு, இங்கே கிளேவைச் சொல்றார்) முப்பது வெள்ளிக்காசை வாங்கப் போறான்னு கடிதம் எழுதினார்.

நான் 31 வருஷம் சமூக அறிவியல் நடத்தினவன், உள்ளாட்சித் தேர்தல் எண்ணிக்கை டூட்டியும் பார்த்தவன். பிங்க், பச்சை, மஞ்சள்னு சீட்டைப் பிரிச்சு அம்பது அம்பதாக் கட்டுற வேலை. ஒரு தடவை ஒரு வார்டுல ரெண்டு பேருக்கும் சரிசமம். பேரை எழுதி எவர்சில்வர் டம்ளர்ல போட்டு, டீ கொண்டு வந்த பையனை எடுக்கச் சொன்னாங்க. தோத்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, சீட்டை நான்தான் மடிச்சேங்கிற மாதிரி. அஞ்சு வருஷமும் அதையே சொல்லிச் சொல்லி அடுத்த தேர்தல்ல அவரே ஜெயிச்சார். ஜாக்சனும் அதைத்தான் செஞ்சார். நாலு வருஷம் "பேரம், பேரம்"னே பேசி, 1828-ல 178-க்கு 83-ன்னு ஆடம்ஸை ஒரேயடியாச் சாய்ச்சார்.

இன்னொண்ணு சொல்லாம விட முடியலை, ஏன்னா நம்ம ஊர் சம்பந்தப்பட்டது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா, கடலைக் காட்டி ஒரு விஷயம் சொல்லுவேன். அமெரிக்க சுதந்திரப் போரோட கடைசிச் சண்டை இங்கேதான் நடந்ததுன்னு. 1783 ஜூன் 20, இந்தக் கடல்ல, அமெரிக்கா பக்கம் நின்ன பிரெஞ்சுக் கப்பல் படையும் இங்கிலீஷ் கப்பல் படையும் மோதிச்சு. ஐரோப்பாவுல ஜனவரியிலயே அவங்க சமாதானக் கையெழுத்துப் போட்டாச்சு. செய்தி கப்பல் ஏறி கடலூர் வந்து சேர ஜூன் கடைசி. அதுக்குள்ள செத்தவன் செத்தான்.

ஜாக்சனோட கதையும் அதேதான். அவரை நாடு கொண்டாடினது 1815 ஜனவரி 8 நியூ ஆர்லியன்ஸ்ல இங்கிலீஷ் படையை ஜெயிச்சதுக்காக. ஆனா சமாதான உடன்படிக்கை டிசம்பர் 24-லயே கென்ட் நகரத்துல கையெழுத்தாயிடுச்சு, செய்திதான் வந்து சேரலை. அங்கே கையெழுத்துப் போட்ட அமெரிக்கர் அஞ்சு பேர்ல ரெண்டு பேர் யார் தெரியுமா? ஆடம்ஸும் கிளேவும்! சண்டையை முடிச்சவங்க ரெண்டு பேரும் பத்து வருஷம் கழிச்சு ஒண்ணு சேர்ந்து, முடிஞ்ச சண்டையில ஜெயிச்சவரைத் தோற்கடிச்சாங்க. இதைச் சொன்னா கடைசி பெஞ்சுப் பையன்கூட நிமிர்ந்து உக்காருவான்.

சொல்தா வீட்டுப் பேரன்

வாத்தியார் சார், அருமை. எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இங்கே புதுச்சேரியிலயே ஓட்டுப் போடுவார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, கவரைப் பெட்டியில போட்டதும் அங்கிருக்கிறவர் "ஆ வொத்தே", அதாவது "ஓட்டுப் போட்டாச்சு"ம்பார், தாத்தா முகத்துல ஒரு பெருமை வரும். அங்கே யாருக்கும் பாதி தாண்டலைன்னா, முதல் ரெண்டு பேருக்கு மட்டும் ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஜனங்களே ஓட்டுப் போடணும். தாத்தா ரெண்டு தடவையும் அதே சட்டையிலதான் போவார். அமெரிக்காக்காரன் ஏன் அப்படி வைக்கலை?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

மிசே, நல்ல கேள்வி. அவங்க விதியை எழுதினது 1787-ல. ஓட்டுக் கணக்கு குதிரையில வரணும். அதைவிட முக்கியம், சின்ன மாநிலங்கள் பெரிய மாநிலங்களை நம்பலை. சபையில மாநிலத்துக்கு ஒரு ஓட்டுன்னு வச்சது அவங்களைச் சமாதானப்படுத்தத்தான். 1801-லயே இதுல மாட்டி முழிச்சாங்க. ஜெபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் 73-க்கு 73. சபை 36 தடவை ஓட்டுப் போட்டுத்தான் ஜெபர்சன் வந்தார். அந்தச் சிக்கலைத் தீர்க்கக் கொண்டு வந்ததுதான் 1804 திருத்தம். இருபது வருஷத்துல அதுவே அடுத்த சிக்கலைக் கொண்டு வந்துச்சு. இன்னிக்கும் அதே விதிதான், 1825-க்கு அப்புறம் அதிபரைத் தேர்ந்தெடுக்க அதைத் தொட வேண்டி வரலை.

குருசுக்குப்பம் மீரா

ஜாக்சனுக்காக எல்லாரும் ரொம்ப உருகாதீங்க. "மக்கள் ஓட்டுல முதல்"னா எந்த மக்கள்? 24-ல 6 மாநிலத்துல ஜனங்க எலெக்டருக்கு ஓட்டே போடலை, சட்டமன்றமே தேர்ந்தெடுத்துச்சு. நியூயார்க்கும் அதுல ஒண்ணு. பெண்களுக்கு ஓட்டு கிடையாது. தெற்கு மாநிலங்கள்ல அடிமைகள் அஞ்சு பேரை மூணு பேர்னு ஜனத்தொகைக் கணக்குல சேர்த்து எலெக்டர் எண்ணிக்கையை ஏத்திக்கிட்டாங்க, அந்த அடிமைகளுக்கு ஓட்டு இல்லை. ஜாக்சனோட 99-ல அந்தக் கணக்கும் இருக்கு. அவரே அடிமைகளை வச்சிருந்தவர்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

சரியாச் சொன்னம்மா. நான் எழுதியிருக்கணும், தேவனாம்பட்டினம் போனதுல விட்டுட்டேன்.

லாஸ்பேட்டை மாப்பிள்ளை

சார், எல்லாத்தையும் மச்சானுக்குப் போன்ல வாசிச்சுக் காட்டினேன். சட்டப்படிதான் நடந்ததுன்னு ஒத்துக்கிட்டார். ஆனா கிளே விலை போனார்ங்கிறதுல பிடிவாதமா நிக்கிறார். பாதிப் பாதி போட்டுக்கலாம்னு நான் சொல்றேன். என்ன தீர்ப்பு?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

பாதிப் பாதிதான். கிளேவுக்கு ஜாக்சனை முன்னாடியிருந்தே ஆகாது. ஃபுளோரிடாவுல படையோட புகுந்ததுக்காக 1819-லயே சபையில நின்னு கண்டிச்சவர். நியூ ஆர்லியன்ஸ்ல இங்கிலீஷ்காரனைக் கொன்னது ஒண்ணே அதிபர் வேலைக்குத் தகுதியாயிடுமான்னு கடிதத்துல கேட்டவர். பதவி தரலைன்னாலும் ஆடம்ஸுக்குத்தான் போட்டிருப்பார்ங்கிறது என் அபிப்பிராயம். ஆனா போட்ட கையோட பதவியை வாங்கிக்கிட்டார் பாருங்க, அங்கேதான் கோட்டை விட்டார். மூணு தடவை அதிபர் தேர்தல்ல நின்னும் அந்த நாற்காலி அவருக்கு வாய்க்கலை.

லாஸ்பேட்டை மாப்பிள்ளை

சரி சார், ஞாயித்துக்கிழமை பிரியாணி. பையன் கேக்குறான், ஆடம்ஸ் தோத்தப்புறம் வீட்டுக்குப் போயிட்டாரான்னு.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

போகலை. அதிபரா இருந்தவர், 1830-ல சாதாரண உறுப்பினராத் தேர்தல்ல நின்னு அதே சபைக்கு வந்தார். அடிமை முறைக்கு எதிரான மனுக்களைப் படிக்கவே விடமாட்டோம்னு சபை விதி போட்டுச்சு. வருஷக்கணக்காச் சண்டை போட்டு 1844-ல அதை எடுக்க வச்சார். 1848 பிப்ரவரி 21, எண்பது வயசு, சபையில இருக்கையிலயே சரிஞ்சு விழுந்தார். 1825-ல அவருக்கு 13 மாநிலம் ஓட்டுப் போட்டதும் அதே மண்டபத்துலதான். சபாநாயகர் அறையில கொண்டு போய்ப் படுக்க வச்சாங்க, ரெண்டு நாள் கழிச்சு அங்கேயே உயிர் போச்சு. பையனுக்குச் சொல்லுங்க.