45 வானியல் அலகுக்கு அப்பால் என் தூசு மாதிரி ஏன் குறைத்துக் காட்டுகிறது?

கேள்வி (மாணவி, கோலாலம்பூர்)
வணக்கம். புறச் சூரியக் குடும்பத்துத் தூசுத் துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்று கணிக்கும் மாதிரியொன்றை இறுதியாண்டு ஆய்வுக்காக எழுதி வருகிறேன். குய்ப்பர் வளையம் (நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பனிப்பாறைக் கூட்டம்), வியாழன் குடும்ப வால்வெள்ளிகள் (வியாழனின் ஈர்ப்புக்கு ஆட்பட்டுக் குறுகிய காலத்தில் சூரியனைச் சுற்றுபவை), ஊர்ட் முகில் வால்வெள்ளிகள் (சூரியக் குடும்பத்தின் தொலைதூர விளிம்பிலிருந்து வருபவை) ஆகிய மூன்றையும் மூலங்களாக வைத்து, புளூட்டோவைக் கடந்து சென்ற நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் கலத்தின் தூசுமானி எண்ணிக்கையோடு ஒப்பிடுகிறேன். 40 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம்) வரை ஓரளவு ஒத்துப்போகிறது. 45-ஐத் தாண்டியதும் என் கோடு மளமளவென்று சரிய, கலத்தின் அளவீடோ இறங்க மறுக்கிறது. பிழை நிரலிலா, மூலங்களிலா?

பதில் (பினாங்கு)
முதலில் நிரலைப் பாருங்கள், தங்கை. தாய்ப் பாறையின் சுற்றுப்பாதையை அப்படியே துகளுக்கும் கொடுத்துவிட்டீர்களா? நானும் ஒருமுறை அப்படிச் செய்து இரண்டு வாரத்தை வீணடித்தேன். பாறையின் இடத்தையும் வேகத்தையும் மட்டும் துகளுக்குக் கொடுத்து, சூரிய ஒளி துகளை வெளியே தள்ளும் கதிர்வீச்சு அழுத்தத்தின் அளவுக்குச் சூரிய ஈர்ப்பைக் குறைக்க வேண்டும். பீட்டா (அந்த அழுத்தத்துக்கும் சூரிய ஈர்ப்புக்கும் உள்ள விகிதம்) 0.2 உள்ள துகள், 43 அலகில் வட்டப்பாதையில் செல்லும் பாறையிலிருந்து உதிர்ந்தால், அதன் பாதை உடனே நீண்டு சுமார் 72 அலகு வரை போய்வரும். பாயின்ட்டிங்-ராபர்ட்சன் இழுவை (சூரிய ஒளி துகளின் ஓட்டத்தை மெல்லத் தணிக்கும் விளைவு) அதை உள்ளே இழுத்துவரப் பல பத்து லட்சம் ஆண்டுகள் பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா, அதே பிழைதான். திருத்தியதும் கோடு உயர்ந்தது; ஆனால் முழுமையாக எட்டவில்லை.

பதில் (செராஸ்)
மிச்சத்துக்கு நிரலைக் குறை சொல்ல வேண்டாம். எதிர்பார்த்ததைவிட அங்கே தூசு கூடுதல் என்று அந்தக் கலத்தின் குழுவே 2024-இல் அறிவித்தது. வளையம் நாம் எண்ணியதைவிட வெளியே நீண்டிருக்கலாம். உட்புறம் வரும் முன்பே அழிந்துவிடும் பனித் துகள்களாகவும் இருக்கலாம்.

புகைமூட்ட நாளில் என் சன்னல் கண்ணாடியில் விரலை இழுத்தால் ஒட்டும் கரும்பொடி, சுமத்ராக் காட்டுடையதா, கீழே ஓடும் லாரியுடையதா என்று பொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. காற்றின் திசையும் பொடி கூடிக் குறையும் விதமும்தான் காட்டிக்கொடுக்கும். தூசுமானியும் அப்படித்தான்: 28 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள நெகிழிப் படலத்தில் துகள் குத்தும்போது எழும் மின்னூட்டத்தைத்தான் அது அளக்கிறது, துகள் எதனால் ஆனது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே மூன்று மூலங்களின் வலிமையையும் அந்த ஒரே அளவீட்டைக் கொண்டு நிர்ணயிக்காதீர்கள். வால்வெள்ளித் தூசு மேலோங்கும் உட்பகுதிக்குப் பயனியர் 10 என்ற பழைய விண்கலத்தின் அளவீடுகளை வைத்து அவற்றின் பங்கை முதலில் பூட்டிவிட்டு, வளையத்தின் வெளி எல்லையை மட்டும் 50, 60, 80 என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள்.