மொழிபெயர்ப்பியலில் முனைவர் பட்டம்: தரவு எவ்வளவு வேண்டும்?

கேள்வி:
மொழியியலும் மொழிபெயர்ப்பும் சேர்ந்த துறையில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறேன். தலைப்பு, செய்தி மொழிபெயர்ப்பில் இணைப்புச் சொற்கள் ('ஆனால்', 'எனவே' போன்றவை). ஆய்வுத் திட்டத்தில் தரவைப் பற்றி என்ன எழுத வேண்டும்?

பதில் 1:
தலைப்பு இன்னும் அகலமாக இருக்கிறது. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு, எந்த ஆண்டுகள், எந்தெந்தச் சொற்கள் என்று குறுக்குங்கள். அடிக்கடி வரும் சொல்லுக்குச் சிறு உரைத் தொகுப்பு போதும், அரிய சொல்லுக்குப் போதாது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் மட்டும் ஒப்பிட்டால் பாதி வேலைதான் நடக்கும். இலக்கு மொழியில், அதாவது மொழிபெயர்க்கப்படும் மொழியில், நேரடியாக எழுதிய செய்திகளும் வேண்டும். இல்லாவிட்டால், நீங்கள் காணும் பண்பு மொழிபெயர்ப்பால் வந்ததா, அந்த மொழியின் இயல்பே அதுவா என்று பிரிக்க முடியாது. வாய்மொழித் தேர்வில் இந்த இடத்தில்தான் பிடிப்பார்கள்.

பதில் 2:
மூல வாக்கியங்களை அவற்றின் மொழிபெயர்ப்போடு இணைசேர்க்கும் மென்பொருளை அப்படியே நம்பாதீர்கள். ஒரு வாக்கியம் இரண்டாக உடையும் இடத்தில் வரிசை நழுவும், பின்னால் வருபவையும் பிசகும். கையால் சரிபார்க்க நேரம் ஒதுக்குங்கள். இணைப்புச் சொற்களை நீங்கள் வகைப்படுத்தியதில் 10 விழுக்காட்டையாவது இன்னொருவர் தனியாக வகைப்படுத்தட்டும். இருவரின் உடன்பாட்டைக் கோஹன் காப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் காட்டும் எண்) அளவில் கொடுங்கள்.

பதில் 3:
செய்திகளைப் பயன்படுத்தப் பதிப்புரிமை அனுமதியைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். நெறியாளருக்கு 2 பக்கச் சுருக்கம் போதும், கூடவே 10 வாக்கியங்களின் முன்னோட்டப் பகுப்பாய்வு.