அந்த ‘நாங்க’வில் நான் இருந்தேனா?

பால்வாளி:

தாதியோ அட்டெண்டனோ, மலேசியா மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்கள் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் கொட்டிவிடுகிறேன். மூன்று வாரமாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குத் தினமும் மோட்டாரில் போய் வருகிறேன். தனியார் மருத்துவமனை, பொது வார்டு அட்டெண்டன், பதினோரு வருஷம். வேலை என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆறாம் கட்டில் பாட்டிக்கு ஏழரைக்கு மிஸ்ஸி இன்சுலின் போட்டாள். (மிஸ்ஸி என்றால் தாதி. வார்டில் ‘வாங்க போங்க’தான். எழுதும்போது ‘அவள்’ என்று வருகிறது. என் மூத்த மகள் வயசு.) எட்டு மணிக்குத் தட்டு வந்தது, கோழிக் கஞ்சி. பாட்டி வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டார். மூடியைத் திறந்து பார்த்தார், தள்ளி வைத்துவிட்டார். “பாட்டி கஞ்சி குடிக்கல மிஸ்ஸி” என்றேன். கண்ணை மருந்து டிரோலியை விட்டு எடுக்காமலே “சரிக்கா, சரிக்கா.” சமையற்கட்டுக்குப் போன் போட்டு ரொட்டி கேட்டேன். வருது வருது என்றார்கள், வரவில்லை. நடுவில் ஓர் ஆளை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பத்து மணி இருக்கும். அந்த ஏர்கோன் குளிரில் பாட்டியின் சட்டைக் கழுத்து தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, “மாட்டை அவுத்துட்டியாடி?” என்று கேட்டார்.

ஓடினேன். டாக்டர் ரவுண்ட் வருகிற நேரம், அவள் ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். “வயசானவங்க அப்படித்தான்க்கா பேசுவாங்க, ரவுண்ட் முடியட்டும்.” எனக்கு விரலில் குத்திப் பார்க்க அனுமதி இல்லை. சீனி பார்க்கும் மெஷினை எடுத்து வந்து ஃபைல் மேலேயே வைத்துவிட்டு, அவள் போகிற வழியில் நின்றுகொண்டேன். முறைத்தாள். வந்து பார்த்தாள். 2.6.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கை நடுங்கவில்லை. டிரிப் குழாய் வழியாக குளுக்கோஸ் ஏற்றினார்கள், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தார்கள், ஏறியிருந்தது. பாட்டிக்குத் தெளிந்ததும் முதல் கேள்வி, “கவிச்சி ஒண்ணும் ஊட்டிடலையே?”

பன்னிரண்டரைக்கு மகன் வந்தார். நான் திரைக்குள்ளே பாட்டிக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன். “யாரும்மா கவனிச்சது?” என்று கேட்கிறார். “நாங்க பார்த்துட்டோம் அங்கிள்” என்கிறாள். அடுத்த வார்த்தை, “அக்கா, அங்கிளுக்கு ஒரு நாற்காலி போடுங்க.”

போட்டேன். அந்த ‘நாங்க’வில் நான் இருந்தேனா, இல்லையா?

இருபத்தெட்டுக்கட்டில்:

அக்கா, நான் தாதி. முதலில் உங்களுக்கு ஒரு கும்பிடு. 4-க்குக் கீழே போனாலே நாங்கள் ஓடுவோம். 2.6-இல் மாடு அவிழ்க்கச் சொன்னவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வலிப்பில் போயிருப்பார். தட்டு கட்டிலுக்கு வந்ததை, வாயில் போவதைப் பார்க்காமல் அந்த இன்சுலினைப் போட்டிருக்கக் கூடாது. அது அந்தப் பெண்ணின் தவறு, மழுப்ப முடியாது.

ஆனால் ஒன்று. ரெக்கார்டில் கையெழுத்து அவளுடையது. தாதியர் வாரியத்தில் வருஷா வருஷம் புதுப்பிக்கிற சான்றிதழ் அவளுடையது. பாட்டிக்கு ஏதாவது ஆகியிருந்தால் விசாரணைக்குப் போய் நிற்பவளும் அவள்தான். அந்தப் பயத்தில் வருகிற ‘நாங்க’ அது. வாரத்துக்கு 42 மணி நேரம் போதாது, 45 மணி நேரம் வேலை செய்யுங்கள் என்று 2024 கடைசியில் கிளப்பினார்களே, அப்போதே எங்களில் பாதிப் பேர் சிங்கப்பூர் விண்ணப்பத்தைக் கையில் வைத்திருந்தோம். சரி, அந்தக் கதை வேண்டாம்.

என் கதை வேறு. நான் பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். மூன்று வருஷ டிப்ளோமா முடித்து, வெள்ளை யூனிஃபார்ம் மடிப்புக் கலையாமல் ஓர் அரசு மருத்துவமனையில் போய் நிற்கிறேன். அங்கே அட்டெண்டன் யார் என்றால் எங்கள் லயத்து அத்தை. அம்மாவோடு ஒரே நிரையில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் காலியான பிறகு இந்த வேலைக்கு வந்தவர். என்னை வார்டு முழுக்க “பாப்பா” என்றுதான் கூப்பிடுவார்.

முதல் வாரம். “அத்தை, மூணாம் கட்டிலுக்கு பெட்பேன் வைங்க” என்றேன். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “உனக்கே கால் கழுவி விட்டவ நானு. எனக்கே நீ பெட்பேன் உத்தரவு போடுறியா?” என்றார். விளையாட்டாகத்தான். வார்டே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

அன்றிலிருந்து அவரிடம் மலாயில் மட்டும் பேச ஆரம்பித்தேன். மலாயில் வேலை சொன்னால் ‘வை’யா ‘வைங்க’ளா என்ற தொல்லை இல்லை பாருங்கள். அவரும் புரிந்துகொண்டு மலாயிலேயே பதில் சொன்னார். ‘பாப்பா’ போய் ‘மிஸ்ஸி’ வந்தது. நாலு வருஷம். வேலையில் ஒரு குறை கிடையாது. அறுபது வயதில் ஓய்வு பெற்ற அன்று எல்லோருக்கும் கேசரி கொடுத்துவிட்டுக் கடைசியாக என் மேசைக்கு வந்தார். “மிஸ்ஸி, சாயா பாலிக் டுலு” என்றார், நான் போய்ட்டு வரேன் என்று.

எங்கள் லயத்து அத்தை என்னிடம் மலாயில் விடைபெற்றுப் போனார். நானும் “ஓகே” என்று சொன்னேன்.

பழைய டிரெஸ்ஸர்:

இரண்டு சகோதரிகளும் எழுதியதைப் படித்தேன். நான் 1974 முதல் தோட்டத்து டிரெஸ்ஸராக இருந்தவன். 1965-ஆம் ஆண்டு தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவு செய்துகொண்டவன், ‘டிரெஸ்ஸர்தானே’ என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எனக்கும் ஒரு சம்பவம் உண்டு. ஆயா கொட்டகையில் பிள்ளை பார்க்கும் அம்மா ஒரு குழந்தையைத் தூக்கி வந்து, “இவன் அழுகை வேற மாதிரி இருக்கு ஐயா” என்றார். அழுகையில் என்ன வேற மாதிரி என்று சொல்லி காய்ச்சல் மிக்சர் கொடுத்து அனுப்பினேன். இரவு மானேஜர் காரில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போகும்படி ஆயிற்று. பிழைத்தது.

இப்போது பால்வாளி சகோதரிக்குச் சில யோசனைகள். ஒன்று, சட்டைப்பையில் சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, யாரிடம், என்ன சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், நாலும் எழுதுங்கள். அடுத்தது, ‘பாட்டி ஒரு மாதிரி இருக்காங்க’ என்று சொல்லக் கூடாது. ‘இன்சுலின் போட்டு இரண்டரை மணி நேரம், ஒன்றும் சாப்பிடவில்லை, வியர்க்கிறது, பேச்சு குழம்புகிறது’ என்று கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் எந்தத் தாதியும் ஃபைல் அடுக்கிக்கொண்டிருக்க மாட்டார். காலையில் பாஸ் ஓவர், அதாவது ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைப்பது, நடக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். எங்கள் காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் (வேலை பிரித்துக் கொடுக்க ஆள் கூடுவது) மேற்பார்வை பார்க்கும் மண்டோர் முதல் புல்வெட்டும் ஆள் வரை எல்லோரும் நிற்பார்கள், யாருக்கு எந்த நிரை என்று எல்லோருக்கும் தெரியும். வார்டில் ஏன் அட்டெண்டனை வெளியே நிறுத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மேலும் பதினோரு வருடம் ஆட்களைத் தூக்கியிருக்கிறீர்கள், முதுகைக் கவனியுங்கள், குனியாமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். இரவில் கேழ்வரகுக் கூழ் நல்லது.

அப்புறம் அந்த ‘நாங்க’. தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவரை நீக்கியது, ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்தது. மலாயில் காமி, கித்தா போல. இங்கே கேட்டவர் பாட்டியின் மகன். ஆகவே நீக்கப்பட்டவர் அவர்தான், நீங்கள் அல்ல. இலக்கணப்படி நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். கவலைப்பட வேண்டாம்.

தூக்குறவன்:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்கா இலக்கணம் கேட்கவில்லை. ‘நாங்க’ சொன்ன வாய் அடுத்த நொடியே நாற்காலி போடச் சொன்னதே, கேள்வி அதில் இருக்கிறது. அப்புறம், கண்டதைக் கண்டபடி சொல்லணும் என்கிறீர்கள். அந்த ஆயாம்மா கண்டதைத்தானே உங்களிடம் சொன்னார்? அந்தக் கதையை நாலு வரியில் முடித்துவிட்டுக் கேழ்வரகுக் கூழுக்குப் போய்விட்டீர்கள்.

நான் ஆண் அட்டெண்டன். வார்டில் என் பெயர் “அபாங்”, மலாயில் அண்ணன். கனமான ஆளைத் தூக்க, பிணத்தைத் தள்ள, ஆக்சிஜன் சிலிண்டரை உருட்ட, எல்லாவற்றுக்கும் “அபாங்! அபாங்!”

ஒரு நைட், மூன்று மணி. குடல் புண்ணில் ரத்தம் போகிற ஆள், கட்டிலிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போகப் பார்த்து நடுவிலேயே விழுந்துவிட்டார். தார் மாதிரி கறுப்பாக, தரையெல்லாம். அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வழக்கமாக அது என் பாடு. அன்று டியூட்டியில் இருந்த மலாய்த் தாதி டாக்டரைக் கூப்பிட்டார், பிரஷர் பார்த்தார், டிரிப்பை வேகப்படுத்தினார், ஆளைக் கட்டிலில் ஏற்றினோம். அவர் வேலை முடிந்தது. போகவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, துண்டை எடுத்து, எனக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து தரையைத் துடைத்தார்.

பாதி துடைக்கும்போது தலையைத் தூக்கி, “நாமா அபாங் சியாப்பா, யா?” என்று கேட்டார், அண்ணன் பெயர் என்ன என்று.

மூன்று வருஷம் ஒரே வார்டு. என் பெயர் அவருக்குத் தெரியாது. நெஞ்சில் பெயர் அட்டை தொங்குகிறது. சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு மாதத்தில் சவூதிக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

சின்னகடை:

பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் நடுவில் நான் ஒரு முதியோர் இல்லம். எங்கள் ஊர்க் கடை வரிசைக்குப் பின்னால், மாடி வீடு. இங்கே நிரந்தரத் தாதி கிடையாது, வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவர் வந்து குழாய் மாற்றி, புண் கட்டிவிட்டுப் போவார். நல்லவர். உள்ளே வந்ததும் முதலில் என்னிடம்தான், “யாருக்கு என்ன மாத்தம்?” என்பார்.

ஒரு வாரம் அவருக்குப் பதில் வேறொருவர் வந்தார். தாத்தாவின் இடுப்புக்குக் கீழே புண். மகளை வைத்துக்கொண்டே, “ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லலையா உங்களுக்கு?” என்று என்னைக் கேட்டார். புத்தகத்தில் அப்படித்தான், சரி. ராத்திரியில் நான் ஒருத்தி. எழ முடியாதவர்கள் ஒன்பது பேர். ஒருவரைத் திருப்பித் துடைத்துத் துணி மாற்றப் பத்து நிமிஷம். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் அதற்கே போயிற்று. மீதி அரை மணியில் துவைக்கணும், பால் ஊற்றணும், கூப்பிடுகிறவர்களுக்கு ஓடணும். இதை அந்த மகள் முன்னால் எப்படிச் சொல்ல? தலையைக் குனிந்துகொண்டேன். மகள் அன்றிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனதும், மறுமாதமே இரவு ஆள் இரண்டு என்று இருந்ததை ஒன்றாக்கினார்கள். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்தெட்டுக்கட்டில்:

சின்னகடை அக்கா, அந்தத் தாதி மகள் முன்னால் கேட்டது தப்பு. அறைக்கு வெளியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நானே அப்படிக் கேட்டிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

டிரெஸ்ஸர் ஐயா, பாஸ் ஓவரில் அட்டெண்டனும் நிற்கலாம் என்கிறீர்கள். எங்கள் வார்டில் நிற்க வைத்துப் பார்த்தோம். அந்த நேரத்தில்தான் ஐந்து கட்டிலில் மணி அடிக்கும். யார் போவது?

பழைய டிரெஸ்ஸர்:

தம்பி தூக்குறவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆயாவிடம் நான் பிறகு பேசவே இல்லை. குழந்தை திரும்பி வந்ததும் அவர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார், நான் சைக்கிளை நிறுத்தாமல் போய்விட்டேன். கூழ் விஷயம் உண்மையிலேயே நல்லது.

பால்வாளி:

எல்லாவற்றையும் படித்தேன். ஐயா, நோட்டு வாங்கிவிட்டேன், இரண்டு வெள்ளிக்கு. முதுகுக்கும் நன்றி.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பாட்டி வீட்டுக்குப் போன பிறகு ஆறாம் கட்டிலுக்கு ஒரு மலாய் மக்சிக் (வயசான அம்மா) வந்தார். நேற்று வெள்ளிக்கிழமை. அவருக்குக் கோழி வரவேண்டிய இடத்தில் தவ்ஹூவும் பருப்பும் வந்துவிட்டது. மக்சிக்குக் கோபமான கோபம். என்னவென்று தேடிப் பார்த்தால், தலைமாட்டுப் பலகையில், பாட்டியின் பெயரை அழித்த இடத்துக்குக் கீழே, ‘வெள்ளிக்கிழமை சைவம், சாப்பிட்ட பிறகே இன்சுலின்’ என்று மலாயில் எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. என்றைக்கு எழுதினாள் என்று தெரியவில்லை. சமையற்கட்டு ஆள் அதைப் பார்த்துத் தட்டை மாற்றியிருக்கிறான்.

“யாருக்கா இதை அழிக்காம விட்டது?” என்று அவளே வந்து என்னிடம் கேட்டாள். பலகையைத் துடைப்பது என் வேலைதான். “நாமதான்” என்று சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, மக்சிக்குக் கோழி கேட்டுப் போன் போடப் போனாள்.

இரண்டு மணிக்கு டியூட்டி. அவளும் மத்தியானம்தான். கிளம்புகிறேன், மழை வருகிறது.