நேம்னு வேரியபிள் வச்சா 3 பேர் 26 பேரா வாராங்க, என்னா பிழை?

மஸ்கெலியா மழை:
வணக்கம் அண்ணேமாரே அக்காமாரே, ஜாவாஸ்கிரிப்ட் தொடங்கி ரெண்டு மாசந்தான் ஆவுது. அம்மா தெனமும் எத்தன கிலோ தேயிலைக் கொழுந்து பறிச்சாங்கன்னு கொப்பியில எழுதி வைப்பாங்க, மாசக் கடைசில சம்பளத் துண்டோட ஒப்பிட்டுப் பார்க்க. அத ஃபோன்லயே பார்க்கிற மாதிரி ஒரு பேஜா செஞ்சு குடுக்கலாம்னு உக்காந்தேன், இப்ப தலைய பிச்சுக்கிட்டு இருக்கேன்.

முதல் ஃபைல்ல வார் நேம் = ["லெட்சுமி", "மாரியாயி", "காமாட்சி"]னு லயத்துல 3 பேர போட்டு லூப் ஓட விட்டா 26 வரி வருது. முதல் வரில 'ல', அடுத்ததுல புள்ளி வட்டத்தோட வெறும் கொம்பு, அடுத்தது 'ட'. ஒன்பதாவது வரில ஒரு கமா மட்டும் அநாதையா நிக்குது.

ரெண்டாவது ஃபைல் மாமா மகன் எழுதினது. அதுலயும் நேம் இருக்கு, ஆனா ஆள் பேரு இல்ல, தோட்டத்துப் பேரு, அதாவது ஒரு நாள் வேலைக்கு விழுற கணக்கு. எங்க பக்கம் 18 கிலோ எடுத்தா முழுப்பேரு, கொறஞ்சா அரைப்பேரு. வார் நேம் = 0 போட்டு 1, 0.5ன்னு கூட்டிக்கிட்டே போகணும். ரெண்டு நாளைக்கு ஒன்றரைப்பேரு வரணும், வாரது 010.5. ப்ரவுசர் பிழை காட்டுற கன்சோல்ல செவப்பா ஒண்ணுமே இல்ல. சிரிக்காம சொல்லுங்க.

பதுளை ரயில்:
கொம்பு தனியா நிக்குதுன்னா யூனிகோட் பிரச்சினை தம்பி. ஹெட்ல சார்செட் (எழுத்துக் குறிமுறை) யுடிஎஃப்-8 போட்டிருக்கீங்களான்னு பாருங்க.

தலவாக்கலை தங்கச்சி:
சார்செட் இல்ல அண்ணே, அது பிழையா இருந்தா எழுத்தே கண்றாவியா வந்திருக்கும். இது நேம்கிற பேராலயே வந்த வினை. ப்ரவுசர்ல விண்டோவுக்கு ஏற்கனவே நேம்னு ஒரு சாமான் இருக்கு, ஃபங்ஷனுக்கு வெளிய வார் நேம்னு எழுதினா புதுசா ஒண்ணு பொறக்காது, அந்தப் பழைய நேமுக்குள்ளயே போய் விழும், அது ஸ்ட்ரிங்க, அதாவது எழுத்துக் கோர்வைய தவிர வேற எதையும் வச்சிருக்காது. நீங்க குடுத்த அரேய, அதாவது 3 பேர் பட்டியல, கமா போட்டு ஒரே கயிறா கட்டிருச்சு. எண்ணிப் பாருங்க, லெட்சுமிக்கு ல, கொம்பு, ட, புள்ளி, ச, உகரக் குறி, ம, இகரக் குறின்னு 8. மத்த ரெண்டும் 8, 8. கமா ரெண்டு. ஆக 26.

மச்சானோட 0ம் அதே கதைதான், "0" ஆயிருச்சு, அதோட 1 கூடாது, ஒட்டும். "01", அப்புறம் "010.5". இன்னொண்ணு, இந்த நேம் டேப்போட ஒட்டிக்கிட்டு இருக்கும், ரீலோட் பண்ணினாலும் போகாது. வார் நேம்னு மட்டும் எழுதி மதிப்பு குடுக்காம விட்டீங்கன்னா பழைய கணக்கு எந்திரிச்சு வரும்.

மஸ்கெலியா மழை:
அக்கா கும்பிடுறேன், 26ஐ நானும் எண்ணிப் பார்த்தேன், அச்சு பிசகல. உடனே ரெண்டு ஃபைல்லயும் வார்ங்கிற சொல்ல தூக்கிட்டு, வேரியபிள் வைக்கிற இன்னொரு சொல்லான லெட் போட்டேன். 3 பேர் சரியா வந்துட்டாங்க, ஆனா மச்சான் ஃபைல் மொத்தமா செத்துப் போச்சு, 'ஆல்ரெடி பீன் டிக்ளேர்ட்', அதாவது ஏற்கனவே வச்சாச்சுன்னு திட்டுது.

அதோட ஒரு நாள்ல கூடுன கிலோவ காட்ட டாப்னு ஒண்ணு வச்சேன், வார் டாப் = 0. அதுல கிலோவுக்கு பதிலா 'ஆப்ஜெக்ட் விண்டோ'ன்னு வருது. லெட் டாப் போட்டா அதுக்கும் அதே திட்டு, நான் வேற எங்கயும் டாப் எழுதவே இல்ல!

ஹட்டன் சந்தி:
ஸ்கிரிப்ட் டேக் ரெண்டா இருந்தாலும் வெளிய எழுதின லெட் எல்லாம் ஒரே முற்றத்துலதான் தம்பி. வார் ரெண்டு தரம் வந்தா சத்தமில்லாம மேல ஏறி எழுதும், லெட் ரெண்டு தரம் வந்தா ரெண்டாவது ஃபைல்ல ஒரு வரி கூட ஓடாது. எனக்கு லெட்டோட திட்டுதான் புடிக்கும், வாரோட மௌனத்த நம்பி ஒரு ராத்திரி முழிச்சிருக்கேன்.

டாப் இன்னும் மோசம். அது மேல இருக்கிற விண்டோவ காட்டுற பேரு, மாத்தவே ஏலாது. 0 போட்டாலும் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கும், எழுதாது. டாக்குமெண்டும் அதே சாதி. ஒவ்வொரு ஃபைலையும் ஒரு ஃபங்ஷனுக்குள்ள போட்டு உடனே கூப்பிட்டுருங்க, உள்ளுக்குள்ள டாப்னு வச்சாலும் பிரச்சினை இல்ல. ஸ்கிரிப்ட் டேக்ல டைப் மாட்யூல்னு போட்டாலும் அதே வேலைதான், ஆனா ஃபைல ஃபோன்ல நேரா தொறந்தா குரோம் தனி மாட்யூல் ஃபைல ஏத்தாது. ரெண்டு வழியிலயும் உள்ள இருக்கிற ஃபங்ஷன பட்டனோட ஆன்கிளிக் கண்டுபிடிக்காது. உங்களுக்கு ஃபங்ஷன் வழிதான் லேசு.

தலவாக்கலை தங்கச்சி:
பேரையும் மாத்துங்க தம்பி, ஆள் பேருக்கும் தோட்டத்துப் பேருக்கும் ஒரே சொல் வச்சா நாளைக்கு நீங்களே கொழம்புவீங்க. வேரியபிள தமிழ்லயே வைக்கலாம், லெட் ஆட்கள், லெட் அரைப்பேர், ஓடும். ஒரே ஒரு கண்டம், 'கொழுந்து'ல வர்ற 'கொ'வ ஒரு கீபோர்ட் ஒரே குறியா போடும், இன்னொண்ணு கொம்பும் காலும் தனித்தனியா போடும், கண்ணுக்கு ஒண்ணுதான், ஜாவாஸ்கிரிப்டுக்கு ரெண்டு வேரியபிள். கொம்பும் காலும் சேர்ந்து வராத சொல்லா பாருங்க.

மஸ்கெலியா மழை:
ஆட்கள், நாட்பேர், கூடினஎடைன்னு மாத்தி ஃபங்ஷனுக்குள்ள போட்டாச்சு, 3 வரி, 1.5, எல்லாம் சரி. அம்மாகிட்ட காட்டினேன், கொப்பிய எடுத்து வச்சு ஒவ்வொரு நாளா பார்த்துட்டு 14ஆம் தேதி 2 கிலோ கொறயுதேன்னாங்க. அது நான் டைப் பண்ணின பிழை.